எனக்குக் கேக்காத சத்தமா?

ஏறுங்கம்மா, ஏறுங்க. பின்னாடி வேணாம், அங்க என் வயலின் படுத்திருக்கு. முன்னாடியே உக்காந்து பாப்பாவை மடியில வச்சுக்குங்க. கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க, பழைய வண்டி, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆங், அவ்வளவுதான். பஸ் வரலைன்னா என்ன, சேலம் ஜங்ஷன்ல ரயிலுக்கு ரொம்ப முன்னாடியே கொண்டு போய் இறக்கி விட்டுடறேன். நானும் சேலத்துக்குத்தான் போறேன். ஒண்டியாப் போறதுக்குப் பேச்சுத் துணையாச்சு.

என் பேரு சிவக்கொழுந்து. வயலின் சிவக்கொழுந்துன்னா மெட்ராஸ்ல ஒரு காலத்துல தெரியாத ஆள் கிடையாது. இப்ப ஏற்காட்டுல மச்சினன் வீட்டு மாடியில இருக்கேன். உடம்புக்குக் குளிர்ச்சி நல்லதுன்னு வந்தோம்னு ஊருக்குள்ள சொல்லிக்கறது. நீங்க முன்பின் தெரியாதவங்க, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? என்னைக் கச்சேரியை விட்டே துரத்திட்டாங்கம்மா. துரத்தின மனுஷன் இன்னிக்குச் சாயங்காலம் சேலத்துல பாடறார். முன் வரிசையில போய் உக்காரப் போறேன். என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே பாடட்டும், பாக்கறேன்.

இதோ, முதல் வளைவு வந்தாச்சு. பாப்பா பேரென்ன? இலக்கியாவா? நல்ல பேரு. என்னடா தங்கம், காதைப் பொத்திக்கிறே? ஒண்ணுமில்லம்மா, மலை இறங்கறப்ப எல்லாருக்கும் அப்படித்தான், காது அடைக்கும். எச்சிலை முழுங்கச் சொல்லுங்க, சரியாப் போயிடும்.

சத்தமா? என்ன சத்தம்? கீச்சுனா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. சிள்வண்டுன்னு சொல்லலாம்னா, அதுவும் இந்த மலையில இப்ப இல்ல. சின்ன வயசுல நான் இங்க வந்திருக்கேன், காதைத் துளைச்சு எடுத்துடும். இப்ப ஒண்ணு இல்ல பாருங்க, காடே ஊமையாக் கெடக்கு. எஸ்டேட்காரங்க மருந்தடிச்சு அடிச்சே எல்லாத்தையும் கொன்னுட்டாங்க. சிட்டுக்குருவியும் அப்படித்தான். வந்து உக்காருது, வாயைத் திறக்குது, சத்தத்தைக் காணோம். காலம் கெட்டுப் போச்சு.

அது கெடக்கட்டும். எங்க விட்டேன்? நடனசபாபதி அண்ணன். ஆமா, கூடலூர் நடனசபாபதி, அவரேதான். இருபது வருஷத்துக்கு மேல அவருக்குப் பக்கத்துல உக்காந்து வாசிச்சிருக்கேன். அவர் மூச்சு எடுக்கறதுக்கு முன்னாடியே எந்த ஸ்வரத்துல இறங்குவார்னு என் விரலுக்குத் தெரியும். கூடப் பிறந்தவன்கூட அப்படி இருக்க மாட்டான். ரயில்ல அவருக்குக் கீழ் பெர்த், எனக்கு மேல் பெர்த். அவர் பொண்ணு கோமதி, தம்புரா போடறவ, என்னை மாமான்னுதான் கூப்பிடுவா. இத்தனையும் ஒரே மார்கழியில போச்சும்மா.

எதனால போச்சுன்னு சொல்லணும்னா உங்களுக்குத் தந்தியைப் பத்திச் சொல்லணும். பாப்பா, நீ ஸ்கிப்பிங் ஆடுவியா? ரெண்டு பேரு கயித்தைப் பிடிச்சுச் சுத்தினா நடுவுல ஒரு தொப்பை விழும் பாரு. இன்னும் வேகமாச் சுத்திப் பாரு, ரெண்டு தொப்பை விழும், நடுவுல ஒரு இடம் அசையாம நிக்கும். இன்னும் வேகமாச் சுத்தினா மூணு. கயித்துல ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் பாக்கலாம். தந்தி இருக்கே, அது எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஆடும். முழுசா ஆடும், அப்பவே ரெண்டு பாதியா ஆடும், மூணா ஆடும், நாலா, அஞ்சா ஆடும். ரெண்டா ஆடறப்ப மேல் ஷட்ஜம். மூணுல பஞ்சமம். அஞ்சுல காந்தாரம். தம்புராவுல காந்தாரத் தந்தின்னு ஒண்ணு கிடையவே கிடையாதும்மா, ஆனா சுருதி சேர்ந்திருந்தா காந்தாரம் கேக்கும். யாரும் மீட்டாம தானாப் பொறந்தது. முதல் தடவை அது கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அதோட நிக்குமா? ஆறு, ஏழு, எட்டுன்னு மேல போய்க்கிட்டே இருக்கும். தந்தி நிறுத்தறதில்ல, நம்ம காதுதான் ஒரு இடத்துல கதவைச் சாத்திக்குது. நாய்க்குக் கேக்கறது மனுஷனுக்குக் கேக்காது. குழந்தைக்குக் கேக்கறது கிழவனுக்குக் கேக்காது. வயசாச்சுன்னா மேலேருந்துதான் போகும், மாடியிலேருந்து ஒவ்வொரு விளக்கா அணைச்சுக்கிட்டு இறங்கி வர்ற மாதிரி. அதுல கொடுமை என்னன்னா, போனது போனவனுக்கே தெரியாது. விளக்கு அணைஞ்சா இருட்டு தெரியும். கேக்காம போனது எப்படிம்மா கேக்கும்? நல்லாத்தானே இருக்கோம்னு கம்பீரமா நடந்துக்கிட்டிருப்பான், பாவம்.

அண்ணனுக்கு அதான் ஆச்சு.

பாப்பா மறுபடியும் பொத்திக்கிறா பாருங்க. வளைவு வந்தா பொத்திக்கிறா, நேர் ரோடு வந்தா எடுத்துடறா. தாளம் தப்பல, சமத்துக்குட்டி! இவளைப் பாட்டு கிளாஸ்ல சேருங்க.

கியரா? நாலாவதுலதான் போறேன். உங்க வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவாரா, அதான் கேக்கறீங்க. இறக்கத்துல ரெண்டாவது கியர் போடுன்னு பலகை எழுதி வச்சிருக்கான், நானும் படிச்சிருக்கேன். போட்டா இன்ஜின் ஒப்பாரி வைக்குதும்மா. ம்ம்ம்னு ஒரே அழுகை, அதுவும் எந்தச் சுருதியிலயும் சேராம அரை ஸ்வரம் கீழ நின்னுக்கிட்டு. என்னால தாங்க முடியாது. நாலுல போட்டா வண்டி தூளியில ஆடற மாதிரி அமைதியாப் போகும், வேகம் எடுத்தா பிரேக்குல லேசாக் காலை வச்சுக்க வேண்டியது. என் கால் பிரேக்கை விட்டு எடுக்கவே எடுக்காது, பயப்படாதீங்க.

அந்த மார்கழிக்கு வர்றேன். முதல் கச்சேரி. கோமதி தம்புராவை மீட்டறா, எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. உயிரே இல்ல. மண் சட்டியைத் தட்டின மாதிரி டொக்குனு இருக்கு. தம்புராவுல தந்தி ஏறி நிக்கற கட்டைக்குக் குதிரைன்னு பேரு, அதுக்கும் தந்திக்கும் நடுவுல ஒரு பருத்தி நூல் இருக்கும், ஜீவான்னு சொல்லுவோம். அதை ஒரு மயிரிழை நகர்த்தி இடம் பாத்து வச்சாத்தான் தந்தி ரீங்காரம் போடும். நூல் நகந்துடுச்சு போலன்னு நினைச்சு, “கோமதி, நூலைப் பாரும்மா”ன்னேன். “நல்லாத்தானே பேசுது மாமா”ங்கறா. அப்பன் முகத்தைப் பாத்தேன், அவர் கண்ணை மூடி ரசிச்சுக்கிட்டிருக்கார். செவிடன் காதுல ஊதின சங்கு! அன்னிக்கே புரிஞ்சுபோச்சு, மனுஷனுக்கு மேல் ஸ்தாயி போயிடுச்சுன்னு. பொண்ணு அப்பனைக் காட்டிக் குடுக்க மாட்டா, அவளும் சேர்ந்து நடிக்கிறா.

வாய் விட்டுச் சொல்லலைம்மா. பெரிய மனுஷன், மனசு நோகும். நானே நூலை நகர்த்தி நகர்த்தி எனக்கு ரீங்காரம் கேக்கற இடத்துல வைப்பேன். மேடையில உக்காந்ததும் கோமதி முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, “தகரம் மாதிரி அடிக்குது மாமா”ன்னு பழைய இடத்துக்கே தள்ளிடுவா. நான் வைக்க, அவ தள்ள, இப்படியே ஓடிச்சு.

இதுக்கு நடுவுல அண்ணன் என்னைச் சொல்றார். என்னை! “சிவக்கொழுந்து, மேல போறப்ப வில்லு கீச்சுங்குதுப்பா, வில்லுல தேய்க்கற ரோசினை மாத்திப் பாரேன்.” மாத்தினேன். “இன்னும் கீச்சுங்குதுப்பா.” வில்லு மயிரையே மாத்தினேன். அதுக்கும் அதே பாட்டு. என் காதுக்கு மேல் பஞ்சமத் தந்தி வெண்ணெயா இழையுது, இவருக்கு மட்டும் கீச்சுங்குதாம். ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். முன் வரிசையில ஒரு அம்மா, நான் தனியா வாசிக்க ஆரம்பிச்சா ரெண்டு காதையும் பொத்திக்குவாங்க, நம்ம பாப்பா மாதிரியே. அந்த ஹால்ல ஏ.சி. அவ்வளவு குளிரு, காது குடைஞ்சிருக்கும்.

யாரு அது, ஹாரன் அடிச்சுக்கிட்டு? போ சாமி, போ. பாத்தீங்களா பைக்குக்காரனை, பக்கத்துல வந்து சக்கரத்தைச் சக்கரத்தைக் காட்டிட்டு என்னவோ கத்திட்டுப் போறான். வயசுப் பசங்களுக்கு மெதுவாப் போற பழைய வண்டியைக் கண்டா கேலி.

கருகற வாசனையா? ஆமா, எனக்கும் வருது. மூக்கு நல்லா வேலை செய்யுது எனக்கு. தோட்டத்துல சருகு எரிக்கறாங்கம்மா, இந்த மாசம் பூரா அப்படித்தான்.

நீங்களும் பெலிக்ஸ் மாதிரி பேசறீங்க. பெலிக்ஸ் யாருன்னா, மேல ஒர்க் ஷாப் வச்சிருக்கான். போன மாசம் வண்டியைத் தொடைக்க விட்டேன், “அய்யா, பிரேக் கட்டை தேஞ்சு போச்சு, கத்துது பாருங்க, மாத்தாம மலை இறங்காதீங்க”ன்னான். எங்கடா கத்துது, ஓட்டிக் காட்டுன்னேன். ஓட்டினான், மிதிச்சான், “கேக்குதா கேக்குதா”ங்கறான். ஒரு சத்தமும் இல்ல. பச்சையா என் மூஞ்சிக்கு நேராப் பொய் சொல்றான்மா! சுருதியில ஒரு நூலிழை தப்பினாக்கூடக் கண்டுபிடிக்கறவன்கிட்ட, இல்லாத சத்தத்தை இருக்குன்னு விக்கப் பாக்கறான். போடா நீயும் உன் பிரேக்கும்னு வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அதுலேருந்து என் சம்சாரம் தையல்நாயகி இந்த வண்டியில ஏற மாட்டேங்கறா. “எனக்குப் பல்லு கூசுது, நான் பஸ்ல வர்றேன்”னு இன்னிக்கும் காலையிலேயே கிளம்பிப் போயிட்டா. அவளுக்கும் பெலிக்ஸ் ஓதிட்டான்.

இறங்கிக்கறீங்களா? இங்கயா? நல்லா இருக்கே! இந்தக் காட்டு ரோட்டுல, குரங்குக்கு நடுவுல, சின்னக் குழந்தையோட ஒரு பொம்பளையை இறக்கி விட்டுட்டுப் போக நான் என்ன ராட்சசனா? ரயிலை விட்டுட்டு என்ன பண்ணுவீங்க? சும்மா உக்காருங்க. கீழ செக்போஸ்ட்டுல டீ வாங்கித் தர்றேன், அங்க நின்னு உங்க சத்தத்தைத் தேடலாம்.

கதையை முடிச்சுடறேன். ஒரு சனிக்கிழமை, வெளியூர்க் கச்சேரி. எல்லாரும் டிபன் சாப்பிடப் போயிருக்காங்க, மேடைக்குப் பின்னாடி நானும் தம்புராவும் மட்டும். அண்ணனோட அப்பா காலத்துத் தம்புரா அது, பலா மரம், யானைத் தந்தத்துல பூ வேலை. மீட்டிப் பாக்கறேன், பிணம். நூல்ல ஒண்ணும் இல்ல, குதிரையிலதான் கோளாறுன்னு தோணிச்சு. பையில உப்புத்தாள் வச்சிருந்தேன். குதிரையோட முதுகை நானே இழைச்சேன். இழைச்சு மீட்டிப் பாக்கறது, பத்தலைன்னு மறுபடி இழைக்கறது. கடைசியில கேட்டுச்சும்மா! அந்த ரீங்காரம், பழைய ரீங்காரம், எத்தனையோ நாளைக்கப்புறம். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு.

கோமதி வந்து ஒரு தடவை மீட்டினா. தம்புராவைக் கீழ வச்சுட்டுக் குழந்தை மாதிரி அழுதா. “தாத்தா தம்புராவைக் கொன்னுட்டீங்களே மாமா.” அண்ணன் வந்தார், குதிரையைத் தடவிப் பாத்தார், ஒரு வார்த்தை திட்டலை. அன்னிக்குக் கரண்ட்ல ஓடற பெட்டித் தம்புராவை வச்சுக்கிட்டுப் பாடினார். கச்சேரி முடிஞ்சு என்னைத் தனியாக் கூப்பிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். “சிவக்கொழுந்து, உன் காதை ஒரு டாக்டர்கிட்ட காட்டுவோம்பா. நானும் கூட வர்றேன்”னார். என் காதை! அவருக்குப் போன காதை என் தலையில கட்டப் பாக்கறார்! கையை உதறிட்டு வந்தேன். ரயில்ல விடிய விடிய அழுதேன். திட்டியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்மா, பரிதாபப்பட்டார் பாருங்க, அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. அடுத்த கச்சேரியில வேற ஒருத்தன் வாசிச்சான்.

போன வாரம் ஆள் அனுப்பியிருக்கார். “சேலம் வர்றேன், வந்து முன்னாடி உக்காருப்பா, உன்னைப் பாக்கணும் போல இருக்கு”ன்னு. வர்றேன் வர்றேன். எனக்கு மட்டும் பாக்கணும்னு இருக்காதா? ஆனா அவரே வந்து, சிவக்கொழுந்து, நீ சொன்னதுதான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த வார்த்தை வந்துடுச்சுன்னா மத்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல.

அட, பாப்பா கையை எடுத்துட்டா! வளைவுலயும் பொத்திக்கலை பாருங்க. நான்தான் சொன்னேனே, கீழ இறங்க இறங்கக் காது தானாத் திறந்துக்கும்னு. சத்தம் நின்னு போச்சா? நிஜமாவா? பாத்தீங்களா, இல்லாத சத்தம் எத்தனை நேரம் வரும்? இனிமே நிம்மதியா உக்காருங்க.

இருங்க.

இது என்ன? கர்ர்ருனு... அம்மி அரைக்கற மாதிரி. ஆமா, எனக்கே கேக்குது. நல்லாவே கேக்குது. மிதிச்சா வருது, காலை எடுத்தா நின்னுடுது. கீழ் ஷட்ஜத்துக்கும் கீழ. இரும்பும் இரும்பும் ஒரசற சத்தம்மா இது. பெலிக்ஸ் சொன்னது இதுவா? இல்லியே, அவன் கீச்சுனுதானே சொன்னான். நீங்களும் கீச்சுனுதானே சொன்னீங்க?

சரி, சரி, நிறுத்திடறேன். அழாதீங்க. அதோ அந்த வளைவு தாண்டினா அகலமா இடம் இருக்கு, அங்க ஓரங்கட்டிடறேன். நிக்குது, இப்ப நிக்கும். மிதிக்கறேனே. நல்லாத்தான் மிதிக்கறேன். கால் உள்ள போகுது. தரை வரைக்கும் போகுதும்மா, ஒண்ணும் பிடிக்கலை.

கியர் விழ மாட்டேங்குது. மூணு. விழுந்துடுச்சு. கத்தாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன். ஹேண்ட் பிரேக், உங்க பக்கம், இழுங்க, ரெண்டு கையாலயும் இழுங்க. இன்னும்.

அம்மா, மறைக்காம சொல்லுங்க. அந்தக் கீச்சு, மேலேருந்தே உங்களுக்குக் கேட்டுச்சா? ஏறினதுலேருந்தா? பாப்பாவுக்கும் கேட்டுச்சா? அப்ப வில்லு... அண்ணன் சொன்னது...

வேணாம், சொல்ல வேணாம். பாப்பாவைக் குனிய வச்சு நீங்க மேல கவுந்துக்குங்க. நான் மலைப் பக்கம் திருப்பறேன்.